பிலிபிலி சுரண்டிய இடம்

மொரொகோரோவில் விடியுமுன்னே
பெருச்சாளிகளுக்கு வேலை தொடங்கிவிடும்.
வெயில் ஏறினால் காது வெந்துபோகும் அவற்றுக்கு.
காதில் களிம்பு பூசி
இடுப்பில் வார் மாட்டி
வெடிமருந்து புதைத்த கட்டத்தின் ஓரத்தில்
இறக்கிவிடுகிறாள் சிகுஜுவா.

'எனக்குத் தெரியாமல் போயிற்று' என்று பொருள் அந்தப் பெயருக்கு.
கருவுற்றதை ஐந்தாம் மாதத்தில் அறிந்த தாய் வைத்தது.

பெருச்சாளியின் பெயர் பிலிபிலி. மிளகாய்.
மூக்கைத் தரையில் தேய்த்தபடி போகும்,
நிற்கும்,
முன்னங்காலால் சுரண்டும்.
க்ளிக்.
ஒரு விரற்கடை வாழைப்பழம்.

கண்ணிவெடி என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.
எல்லை தெரியாது, போர் தெரியாது,
காலிழந்தவன் எவனையும் பார்த்ததில்லை.
அந்த நாற்றத்துக்குப் பின்னால் பழம் வரும்.
அவ்வளவுதான் அதன் வேதம்.

முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள் இவளிடம்:
தவறான இடத்தில் ஒரு க்ளிக் கொடுத்தால்
பொய் சொல்லக் கற்றுத்தருகிறாய்.

அடியாத மாடு படியாது என்பார்கள் நம் பக்கம்.
இங்கே யாரும் எதையும் அடிப்பதில்லை.
அவள் வீட்டிலும்தான்.
மெஷாக் கைநீட்டியதே கிடையாது.
பேசாமலிருப்பான், அவ்வளவே.
உகாலியைப் பிசைவான், சுவரைப் பார்ப்பான்,
கூரைத்தகரம் தாழ்ந்து தாழ்ந்து
அவள் பிடரியில் வந்து உட்காரும்.
'சமஹானி' என்பாள். மன்னித்துவிடு.
எதற்கென்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை.
தகரம் பழைய உயரத்துக்குப் போய்விடும்.

முதல் வருடம் மூன்று நாள் தாங்கினாள்.
பிறகு ஒரு நாள்.
பிறகு ஒரு சாப்பாட்டு நேரம்.
இப்போதெல்லாம் வாசலில் அவன் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே
சொல் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது.
கொடுத்துப் பழக்குவது ஒரு விதம்.
அழுத்திக்கொண்டிருப்பதை எடுத்துப் பழக்குவது இன்னொரு விதம்.
இரண்டாவதற்கு வாழைப்பழச் செலவும் இல்லை.

மகன் ஷுக்ரானி கதை வேறு.
கடைத் தரையில் புரள்வான்.
பிஸ்கட் கைக்கு வந்ததும்
எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொள்வான்.
அவனுக்குப் பிஸ்கட் கிடைத்தது,
அவளுக்கு அழுகை நின்றது.
யார் கையில் வார், யார் இடுப்பில்?

(இதை எழுதும்போதே மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தேன்.
இரண்டு முறை ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததால்தான் மூன்றாவது முறை.)

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, மழை விட்டிருந்தது.
ஏழாம் கோட்டில் பிலிபிலி நின்றது.
சுரண்டியது.
அவள் வரைபடத்தில் அந்த இடம் வெறும் மண்.
க்ளிக் இல்லை.
பிலிபிலி நிமிர்ந்து பார்த்தது.
மறுபடி சுரண்டியது, வேகமாக,
இரண்டு கையாலும், மண் அவள் பூட்ஸில் தெறிக்க,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவதுபோல.
பொத்தான்மேல் கட்டைவிரல் துடித்தது அவளுக்கு.
கொடுத்துத் தொலைக்கலாம். நின்றுவிடும்.
கொடுக்கவில்லை.
இனிக் கிடைக்காது என்று ஆவதற்குச் சற்று முன்னால்தான்
எல்லாமே பலமாகச் சுரண்டும் போலிருக்கிறது.
பிறகு அது ஒரு தும்மல் போட்டுவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த அடி வைத்தது.

அன்றிரவு தகரம் தாழ்ந்தது.
சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது.
அவள் கீரையை மென்றாள்.
மெஷாக் தட்டைத் தள்ளினான்.
ரேடியோவைப் போட்டான், இன்னும் சத்தமாக வைத்தான்,
ஏற்கெனவே சாத்தியிருந்த கொல்லைக் கதவைத்
திறந்து சாத்தினான்.
ஷுக்ரானி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்;
அவனும் எதையோ கற்றுக்கொண்டிருந்தான்.

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று.
பிடரி வலித்தது. உண்மையாகவே வலித்தது.
ஒரு சொல்தானே என்றது தலையணை.

சனிக்கிழமை மதியம்
பானையைப் பார்த்தபடி, யாரிடமோ கேட்பதுபோல்,
'உப்பு இருக்கா?' என்றான்.

அவள் வாயைத் திறக்கவில்லை.
நாக்கு மட்டும் தானாக
மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது.
க்ளிக்.

'என்ன?' என்றான்.
'ஒன்றுமில்லை' என்று உப்பை நகர்த்தினாள்.
வாழைப்பழம் வாங்க வேண்டும் என்று தோன்றியது.
சிரிப்பு வந்தது.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டே
கொஞ்சம் பயமும்.